படித்துக் காட்டப்பட்டது

விரல் நிற்கக் கூடாது, விரல் நின்றால் கண் நின்றுவிடும், கண் நின்றால் மனசு வேடிக்கை பார்க்கப் போய்விடும் என்கிறார் ஆல்வின் சார். நாலு ஞாயிற்றுக்கிழமையாக இதையேதான் சொல்கிறார். நானும் வலது கை ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன், விரல் போகிறது, கண்ணும் போகிறது, நான் மட்டும் எங்கேயோ முதல் வரியில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு டுட்டோரியல் கட்டடத்தின் இரண்டாவது மாடி, வேக வாசிப்பு வகுப்பு, காலை பத்தரை, மின்விசிறி மூன்றில் ஒன்று சுற்றவில்லை, அந்த ஒன்றுக்குக் கீழேதான் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. சுற்றிப் பதினெட்டுப் பேர், எல்லாம் வங்கித் தேர்வுக்கும் சர்வீஸ் கமிஷனுக்கும் படிக்கிற பிள்ளைகள், எனக்கு மட்டும் ஐம்பத்திரண்டு வயது. முதல் வாரம் நான் உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் எழுந்து நின்று குட்மார்னிங் சார் என்றாள், பாடம் நடத்த வந்தவன் என்று நினைத்துவிட்டாள் பாவம். அப்புறம் நான் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளுக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. பெயர் குற்றாலலிங்கம், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க், நீதிபதி மேடைக்குக் கீழே முதல் மேசையில் உட்கார்ந்து வழக்கு நம்பர் எடுத்துக் கொடுக்கிற ஆள் என்று அன்றைக்கு அறிமுகம் செய்துகொண்டேன். கோர்ட்டுன்னா நெறைய வாசிக்க வேண்டியிருக்கும்லா சார், கரெக்டான எடத்துக்குத்தான் வந்திருக்கிய என்றார் ஆல்வின் சார். அவருக்கு என் மூத்த பெண்ணின் வயசுதான் இருக்கும், ஆனாலும் சார் சார்தான். நிறைய வாசிக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. நான் வாசித்தேனா என்பதுதான் வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமையை நினைக்க வேண்டாம், இப்போது பயிற்சி. உள்ளுக்குள் ஒரு குரல் வாசிக்கிறதல்லவா, அதை அடைக்க வேண்டும், அதுதான் இன்றைய பாடம். நாம் எழுத்தைக் கண்ணால் பார்த்து, அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லி, சொன்னதைக் கேட்டு, அப்புறம்தான் புரிந்துகொள்கிறோமாம், மூன்று வேலை, இதில் நடுவில் உள்ள இரண்டும் வீண், பேசுகிற வேகத்துக்கு மேல் படிக்க முடியாமல் போவது அதனால்தான். அந்தக் குரலை அடைக்க, படிக்கும்போது வாய்க்குள் ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். வாய் எண்ணும், கண் படிக்கும். எனக்கு உள்ளே இருக்கிற குரல் வெளியிலேயே தெரியும், உதடு அசையும், பள்ளிக்கூடத்திலேயே அசையும், வாத்தியார் பிரம்பால் உதட்டைத் தொட்டு இதென்னலே முணுமுணுப்பு என்பார். கல்யாணமான புதிதில் நான் பேப்பர் படிப்பதைப் பார்த்து சண்முகவடிவு, எனக்குந்தான் கேக்கட்டுமே, கொஞ்சம் சத்தமா வாசிச்சா என்ன என்று கேலி செய்தாள். இந்த வகுப்பில் சேர்ந்தேன் என்றதும், வேகமா வாசிச்சு என்ன, பத்து மணி பஸ்ஸயா புடிக்கப் போறிய என்றாள். அவளுக்குக் காரணத்தைச் சொல்லியிருக்கிறேன், பாதி சொல்லியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் புதிதாக வந்த மாஜிஸ்திரேட் அம்மா, எங்கள் கோர்ட்டில் பெண் நீதிபதியை அம்மா என்றுதான் சொல்வோம், எண்பது பக்க வழக்குக் கட்டை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகிறவர்கள், ஒரு நாள் என்னை அறைக்குள் கூப்பிட்டு, குற்றாலலிங்கம், நீங்க ஒரு ஃபைலப் பாக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கறீங்க என்று கேட்டார்கள். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்கள். தை மாதம் சிரஸ்தார் பதவிக்கு, கோர்ட் அலுவலகத்தின் தலைமைப் பதவி அது, பட்டியல் போகிறது, மேலே அனுப்புகிற ரகசியக் குறிப்பை அம்மாதான் எழுத வேண்டும். இரண்டு தடவை எனக்குக் கீழே இருந்தவர்கள் எனக்கு மேலே போய்விட்டார்கள், மூன்றாவது தடவையும் போனால் நான் ஓய்வு பெறும் வரைக்கும் அந்த முதல் மேசைதான். அந்த மேசையில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது பொய். எனக்கு அந்த சிரஸ்தார் நாற்காலி வேண்டும், ஆசையாகத்தான் இருக்கிறது.

ஒன்று இரண்டு மூன்று நான்கு. அட்டையை எடுங்கள் என்கிறார் ஆல்வின் சார், விசிட்டிங் கார்டு அளவில் ஒரு கறுப்பு அட்டை, படித்த வரியை உடனே மூடிக்கொண்டு வர வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, நாம் படிக்கிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு படித்ததையே திரும்பப் படிப்பதில்தான் போகிறதாம். போனது போனதுதான் சார், முன்னாடி மட்டும் பாருங்க என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார். எங்கள் தொழிலே திரும்பிப் படிப்பதுதான். சாட்சி கூண்டில் நின்று சொல்வான், நீதிபதி அதை வாக்கியமாக்கிச் சொல்வார், தட்டச்சர் அடிப்பார், அடித்து முடித்த தாளை நான் சாட்சிக்கு முன்னால் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்ட வேண்டும், அவன் சரி என்றால் கையெழுத்து, இல்லையென்றால் கைநாட்டு, அதற்குக் கீழே ஒரு ரப்பர் முத்திரை, படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பல பேர் வாசிப்பதில்லை, தாளை நீட்டுவார்கள், இங்கே போடு என்பார்கள், நான் வாசிப்பேன். நல்லவன் என்பதால் இல்லை, எனக்கு வேறு மாதிரி படிக்கத் தெரியாது. உதட்டை அசைத்துப் படிக்கிறவனுக்குச் சத்தமாகப் படிப்பது இன்னும் சுலபம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பைக் விபத்து வழக்கில், வாசித்துக்கொண்டே இருக்கும்போது சாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்துங்க சார், வண்டி கெழக்க இருந்து வரல, மேக்க இருந்துல்லா வந்துச்சு என்றான். ஒரு திசை மாறியிருந்தால் செத்தவன் மேலேயே குற்றம் விழுந்திருக்கும். அன்றைக்கு இருந்த மாஜிஸ்திரேட், குத்தாலம் வாசிச்சா பேனா தானா நிக்கும்யா என்றார், அது ஒன்றுதான் இந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பதக்கம். அந்தப் பதக்கத்தைக் கழற்றிவிட்டுத்தான் இந்த மாடிக்கு ஏறி வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாட்சி சொல்ல வந்த பேராச்சியின் கட்டைவிரல் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது, வெடித்துப்போன விரல், ரேகையே விழவில்லை, மை ஒரு கறுப்பு வட்டமாக மட்டும் பதிந்தது, இன்னொரு தடவ அழுத்தும்மா என்று நான்தான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

இப்போது கடைசித் தேர்வு. பின் அடித்த மூன்று தாள், தேனீக்களைப் பற்றிய கட்டுரை, ஆயிரத்து எண்ணூறு வார்த்தை, மூன்று நிமிடம், அப்புறம் பத்துக் கேள்வி. ஸ்டார்ட் என்கிறார் ஆல்வின் சார், கையில் ஸ்டாப்வாட்ச். ஒன்று இரண்டு மூன்று நான்கு, தேனீக்கள் கூட்டமாக வாழும், ஒரு கூட்டில் ஒரு ராணித் தேனீ, கண் நடுவில் இறங்குகிறது, அகலமாகப் பார்க்க வேண்டும், வார்த்தை வார்த்தையாக இல்லை, மூன்று மூன்று வார்த்தையாக, வேலைக்காரத் தேனீ, கீழே சர்ச் மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற சத்தம், ஆண் தேனீ, மூணாவதா நிக்காம்லா, அவன் அடிக்கலய்யா. ஒன்று இரண்டு மூன்று நான்கு. மூணாவதா நிக்காம்லா. பேராச்சி கூண்டில் நின்று அப்படித்தான் கையை நீட்டினாள், நூல்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நீதிபதியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. பாதைத் தகராறு, அவளுடைய புருஷனை மூன்று பேர் கம்பால் அடித்துக் கையை முறித்த வழக்கு, நாலு வருஷம் ஆகிறது, புருஷன் போன வருஷம் வேறு ஏதோ நோவில் போய்விட்டான், பார்த்த மற்ற சாட்சிகள் எல்லாம் ஒன்றும் தெரியாது என்று கைகழுவிவிட்டார்கள், மிஞ்சியது பேராச்சி ஒருத்திதான். குற்றம் சாட்டப்பட்டவர்களை எங்கள் கோர்ட்டில் எதிரி என்போம், முதல் எதிரி, இரண்டாம் எதிரி, மூன்றாம் எதிரி. மூன்றாம் எதிரி சுயம்பு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புரோட்டா மாஸ்டர், வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் நகக்கணுவில் மைதா இருக்கும். முதல் எதிரிக்கு மச்சினன், அந்த ஒரு பாவத்துக்குத்தான் அவன் பெயரும் புகாரில் ஏறியிருக்கிறது. அவன் அடிக்கலய்யா, குறுக்க விழுந்து மறிச்சான், அவன் முதுகுலயும் ரெண்டு அடி விழுந்துச்சு, எங்க வீட்டுக்காரவியளும் சாகுந்தட்டியும் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாவ, பொய் சொல்லப்பிடாதுல்லாய்யா. சுயம்பு தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தவன் துடைத்துக்கொண்டே இருந்தான். தேன் சேகரிக்கும் முறை, ஒரு கிராம் தேனுக்கு, பக்கத்தைத் திருப்பு, கூட்டைக் காக்கும் தேனீக்கள், கொடுக்கு, மனிதருக்குத் தேனீயின் பயன், மகரந்தச் சேர்க்கை, ஸ்டாப். நான் கடைசி வரியில் இருக்கிறேன். முதன்முறையாகக் கடைசி வரியில் இருக்கிறேன், இன்னும் நாலு நொடி மிச்சம்.

பத்துக் கேள்வி, நாலு நாலு விடை, சரியானதில் வட்டம் போட வேண்டும். கூட்டில் முட்டை இடுவது எது, ராணி. தேனீ எதை வைத்துத் திசை அறிகிறது, சூரியன். தேன் நிறைந்த அறையை எதனால் மூடுகிறது, மெழுகு. கை தயங்கவே இல்லை. பக்கத்துப் பெண்ணிடம் தாளை மாற்றிக்கொண்டு திருத்தினோம், அவள் ஏழு, நான் ஒன்பது. ஆல்வின் சார் என் தாளைத் தூக்கிக் காட்டினார், நிமிடத்துக்கு அறுநூறு வார்த்தை, தொண்ணூறு சதவீதம் புரிதல், முதல் வாரம் சார் வந்தப்ப எவ்வளவு தெரியுமா, நூத்தி நாப்பது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது, ஐம்பத்திரண்டு வயதில் கைதட்டல் வாங்குவதில் வெட்கம் என்ன என்று நினைத்துக்கொண்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது, அம்மாவின் அறையில் போய் இந்தத் தாளை மேசையில் வைப்பதாகக்கூட ஒரு கணம் தோன்றியது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கலாம் என்று கட்டுரையையும் எடுத்தேன். மூன்று தாளில் முதல் தாளும் இரண்டாவது தாளும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பின் அடித்தவன் இரண்டாவது பின்னைத் தவறாகக் கீழ் மூலையிலும் அடித்துவிட்டான். நான் இரண்டையும் சேர்த்தே திருப்பியிருக்கிறேன். நகத்தால் பின்னை நெம்பி எடுத்துப் பிரித்துப் பார்த்தால் உள்ளே முழுசாக ஒரு பக்கம், நான் பார்க்காத பக்கம், தேனீ சூரியனை வைத்துத் திசை அறியும் விதம், மெழுகு சுரக்கும் விதம், நான் வட்டம் போட்ட விடைகளில் நாலு விடை அந்தப் பக்கத்தில் இருக்கிறது. நான் கண்ணாலேயே காணாத பக்கத்தில் எனக்கு முழு மதிப்பெண். பக்கத்துப் பெண்ணிடம் காட்டினேன், அவள் சிரித்துவிட்டு, லக்கி சார் நீங்க என்றாள்.

லக்கிதான். தேனீயைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், தெரிந்ததைப் படிக்காமலே வட்டம் போடலாம். அடிதடி வழக்கைப் பற்றியும் எனக்கு எல்லாம் தெரியும், எத்தனை ஆயிரம் வாசித்திருப்பேன், எல்லாச் சாட்சியத்திலும் அதே வாக்கியம்தானே, எதிரிகள் மூவரும் சேர்ந்து கம்பால் அடித்தார்கள், நான் சத்தம் போட்டேன், அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலே முக்கால். பேராச்சிக்கு ஐந்து மணி பஸ், அதை விட்டால் ஏழரைக்குத்தான், அவள் வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் கையில் மூன்று பக்கம். முதல் பக்கத்தை நான் வாசித்தேன், சத்தமாக, பெயர், ஊர், எதிரிகளைத் தெரியும், அது நிச்சயம். இரண்டாவது பக்கத்துக்கு வந்ததும் எனக்கு ஆல்வின் சார் நினைவு வந்தது, வந்தது என்று பூசி மெழுகுவானேன், நானாகத்தான் வரவழைத்துக்கொண்டேன், முயன்று பார்த்தால் என்ன என்று தோன்றியது. விரலை நடுவில் வைத்து மேலிருந்து கீழே வளைத்து வளைத்து இழுத்தேன், உள்ளே ஒன்று இரண்டு மூன்று நான்கு, பத்து நொடியில் பக்கம் முடிந்தது, எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது, அப்படி ஒரு லேசு, தலையில் கனமே இல்லை. அப்புறம் அவளைப் பார்த்து, அன்னைக்கு நடந்தத நீ சொன்னபடியே எழுதியிருக்கும்மா, அடிச்சது, சத்தம் போட்டது, ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லாம் இருக்கு, சரிதானா என்றேன். நீங்க வாசிச்சா சரிதான்யா என்றாள். அவள் ஊர்க்காரர்கள் யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், கோர்ட்டில் குத்தாலம் என்று ஒருவர் இருக்கிறார், அவர் முழுசா வாசிப்பார் என்று. முத்திரையை மையில் ஒற்றி அடித்தேன். அம்மா ஏற்கெனவே கையெழுத்துப் போட எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

இதில் இன்னொன்று இருக்கிறது, இரண்டு நாளாக அதன் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பி வருகிறேன், பல் வலிக்கிற இடத்தில் நாக்கு போகிற மாதிரி. தட்டச்சர் வேம்பு தாளை என்னிடம் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னான். இருபது வருஷமாக எனக்கு அடுத்த மேசை, அவன் சொல்வது பாதி என் காதில் ஏறாது, இது ஏறியிருக்கிறது. நடுவுல கரண்ட் போச்சுல்லா குத்தாலம், அம்மா சொன்னதுல ரெண்டாவது பக்கம் அழிஞ்சு போச்சு, போலீஸ் வாக்குமூலத்தப் பாத்து நிரப்பியிருக்கேன், நீ ஒரு தடவ நல்லா வாசிச்சுக்கோ. நான் ஓ என்றேன். போலீஸ் வாக்குமூலத்தில் மூன்று பேரும் அடித்ததாகத்தான் இருக்கிறது, புகாரே அப்படித்தான். அப்படியென்றால் இரண்டாவது பக்கத்தில் சுயம்புவும் அடிக்கிறான். கூண்டில் அவள் அவனுக்குச் சாதகமாகச் சொன்னதைக் காதால் கேட்ட இலவச சட்ட உதவி வக்கீல், திருப்தியாக எழுந்து, மூன்றாம் எதிரி தரப்பில் குறுக்கு விசாரணை இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆக, காகிதத்தில் அவன் அடித்தான், அதை மறுத்து யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை வாதம். அப்புறம் தீர்ப்பு. எழுதும்போது அம்மாவுக்கு முன்னால் இருக்கப் போவது பேராச்சியின் குரல் இல்லை, தாள்தான், அதற்குள் நூறு வழக்கு வந்து போயிருக்கும், முதுகில் இரண்டு அடி வாங்கினவனுக்கு மூன்று வருஷம். இல்லை, வேம்பு சரியாகத்தான் அடித்திருப்பான், அவனும் கூண்டில் சொன்னதைக் கேட்டவன்தானே. ஆனால் அந்த வாக்கியத்தை நான் பார்த்தேன். மூன்று எதிரிகளும் என்று, பக்கத்தின் நடுவில், இடது பக்கம் கொஞ்சம் தள்ளி. பார்த்தேனா. கண் போட்டோ எடுத்துரும் சார், நீங்க வாசிச்ச மாதிரியே இருக்காது, தேவைப்படும்போது தன்னால மேல வரும் என்று இரண்டாவது வகுப்பில் ஆல்வின் சார் சொன்னார். அது உண்மையானால் வெள்ளிக்கிழமை என் கண் அதைப் பார்த்துவிட்டது, பார்த்துவிட்டு நான் முத்திரை அடித்திருக்கிறேன். அது பொய்யானால் எனக்கு வந்த வாக்கியம் மற்ற ஆயிரம் வழக்கில் படித்தது, அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை, படிக்காததைப் படித்துக் காட்டியதாக முத்திரை அடித்திருக்கிறேன். இந்த வித்தை பலித்தாலும் நான் குற்றவாளி, பலிக்காவிட்டாலும் குற்றவாளி. இரண்டு நாளாக இது பலிக்குமா பலிக்காதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததெல்லாம், எதைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று பார்க்கத்தானா. வெட்கமாக இருக்கிறது. இந்த வெட்கம் உதட்டை அசைத்துப் படிக்கிற வெட்கம் மாதிரி இல்லை.

நாளைக்கு ஒன்பது மணிக்கே போகலாம், அலமாரிச் சாவி என்னிடம்தான், கட்டைப் பிரித்து இரண்டாவது பக்கத்தைப் பார்க்கலாம். சரியாக இருந்தால் பேசாமல் இருந்துவிடலாம். தப்பாக இருந்தால் வேம்புவைக் கூப்பிட்டு வேறு தாள் அடிக்கச் சொல்லலாம், பேராச்சியைப் பஸ் ஏறி வரச்சொல்லி ஒரு கைநாட்டு, நான் காட்டின இடத்தில் வைப்பாள், அம்மாவின் கையெழுத்து வேலைக்கு நடுவில் விழுந்துவிடும், சுயம்பு பிழைத்துக்கொள்வான், என் குறிப்பும் மேலே போகும், யாருக்கும் நஷ்டமில்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது, தேனீக் கட்டுரை மாதிரி, நடுப்பக்கம் இல்லாமலே எல்லா விடையும் சரி. அவளிடம் அந்தத் தாளை நீட்டும்போதும் அவள் நீங்க வாசிச்சா சரிதான்யா என்றுதான் சொல்வாள். அதை இன்னொரு தடவை நான் கேட்க முடியாது. சார், ரெண்டு வார்த்தை பேசுங்க என்று ஆல்வின் சார் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறார், வீடியோ, அடுத்த வகுப்பு விளம்பரத்துக்கு, அம்பத்திரண்டு வயசுல அறுநூறு வார்த்தைன்னா நாலு பேருக்கு நம்பிக்கை வரும்லா சார். பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்க்கிறார்கள். நான் எழுந்து, சார் இந்தத் தாள்ல ஒரு பக்கம் ஒட்டியிருந்துச்சு, நான் அதப் பாக்கவே இல்ல, ஆனா மார்க் வந்துட்டு என்றேன். அவர் சிரித்தார், அப்பக்கூட ஒன்பது பாத்தியளா சார், உங்க மூளை அப்படி என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவர் உண்மையாகவே நம்புகிறார், அவருக்குக் கேள்விகள்தான் முக்கியம், கேள்விக்கு விடை வந்துவிட்டால் பக்கம் எதற்கு. ஒரு போன் பேசிட்டு வாரேன் சார் என்று கட்டுரைத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் யாரும் அம்மாவுக்குப் போன் செய்வதில்லை. மூன்று தடவை மணி அடித்ததும் வைத்துவிடலாம் என்று நினைத்தேன், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“சொல்லுங்க குற்றாலலிங்கம்.”

“அம்மா, வெள்ளிக்கிழமை பேராச்சி சாட்சியம்மா. நாளைக்கு வாதத்துக்கு இருக்குல்லா.”

“ஆமா. அதுக்கென்ன?”

“ரெண்டாவது பக்கத்த நான் அந்தப் பொம்பளைக்கு வாசிச்சுக் காட்டலம்மா.”

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் போட்டது. யாரையோ அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

“சீல் இருக்கே.”

“இருக்கும்மா. நான்தான் அடிச்சேன்.”

“அதுல எதுவும் தப்பா இருக்கா?”

இதுதான் இடம். வேம்பு சொன்னதைச் சொல்லலாம், கரண்டைச் சொல்லலாம், பஸ்ஸைச் சொல்லலாம், எல்லாம் உண்மை, எல்லாவற்றையும் பின்னால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேட்ட கேள்விக்கு முதலில் விடை.

“தெரியாதும்மா. நான் இன்னும் அதப் படிக்கல.”

மூணாவது ஆளு தடுத்தான்னு அவ சொன்னா, நான் டிக்டேட் பண்ணேனே என்று அம்மா தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்கள், அப்புறம்தான் நான் கரண்ட் போனதைச் சொன்னேன். நானும் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன் என்றார்கள்.

“எழுத்துல குடுங்க. இன்னைக்கே எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க, நாளைக்கு ஒரிஜினல். உங்க மேல என்ன எடுக்கணுமோ அத நான் எடுத்துத்தான் ஆகணும், தெரியும்ல?”

“தெரியும்மா.”

“அந்தப் பொம்பளைய நாளைக்கு வரச்சொல்லுங்க. மூணு எதிரியையும் வக்கீல்களையும் வச்சுக்கிட்டு முதல் வரியில இருந்து வாசிச்சுக் காட்டணும்.”

“யாரும்மா வாசிக்கது?”

“நீங்கதான். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல.”

வைத்துவிட்டார்கள். சிரஸ்தார் நாற்காலி போய்விட்டது, சண்முகவடிவிடம் இன்றைக்கு மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். வராந்தாக் கைப்பிடிச் சுவரில் தேனீக் கட்டுரையின் கடைசித் தாளைத் திருப்பி வைத்து, வெள்ளைப் பக்கத்தில் எழுதினேன். அரசுத் தரப்புச் சாட்சி பேராச்சியின் சாட்சியத்தில் இரண்டாம் பக்கம் சாட்சிக்குப் படித்துக் காட்டப்படவில்லை, படித்துக் காட்டப்பட்டதாக நான் இட்ட முத்திரை உண்மையல்ல, மின்தடையால் அழிந்த பகுதி போலீஸ் வாக்குமூலத்தைப் பார்த்து நிரப்பப்பட்டதாகத் தட்டச்சர் எனக்கு முன்னரே தெரிவித்திருந்தும் நான் சரிபார்க்கவில்லை, இதற்கு நானே பொறுப்பு. கீழே கையெழுத்துப் போடப் போன பேனாவை நிறுத்திக்கொண்டேன். உள்ளே ஆல்வின் சார் வேறு யாருக்கோ ஸ்டார்ட் என்றார். நான் விரலை முதல் வார்த்தைக்கு அடியில் வைத்தேன். விரல் கண்ணை இழுக்கவில்லை, ஒவ்வொரு வார்த்தையிலும் நின்று நின்று போயிற்று, உதடு தாராளமாக அசைந்தது, பேராச்சி என்ற இடத்தில் அவள் பெயரைச் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும், படியேறி வந்த ஒரு பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனான். உண்மையல்ல என்ற இடத்துக்கு வந்ததும் திரும்ப முதலிலிருந்து படித்தேன். பின்பு கையெழுத்திட்டு, முப்பது வருஷப் பழக்கத்தில் அதன் கீழேயே எழுதினேன், படித்துப் பார்த்தேன், சரி.